கறுப்பா இருந்தாலும்… (முத்துக்குளித்துறையிலிருந்து சில குறிப்புகள்)

“பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.” பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தூத்துக்குடிக்காரர் யாரும் இருக்க முடியாது. கேட்க பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு ‘லும்’ இருக்கிறதே, விஷயம் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. “செவப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று எவரும் சொல்வதில்லை. அழகுக்குக் கறுப்பு ஒரு தடை, இந்தப் பெண் எப்படியோ அதைத் தாண்டிவிட்டாள் என்பதுதான் அந்த ‘லும்’ சொல்லும் சேதி.

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். “அது அவங்கவங்க இஷ்டம். யாருக்கு யாரைப் பிடிக்கணும்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?” அமெரிக்காவிலும் இதே பதில்தான். அங்கே அவ்வப்போது ஒரு சண்டை கிளம்பும். பிரபலமான பாடகரோ விளையாட்டு வீரரோ, பல சமயம் அவரே கறுப்பர், தனக்குக் கறுப்புப் பெண்கள் சரிப்பட மாட்டார்கள் என்று பேட்டியில் சொல்லிவிடுவார். சத்தம் போடுவார்கள், கோபக்காரிகள், அடங்க மாட்டார்கள் என்று காரணங்களும் வரும். எதிர்ப்பு வந்தால், “என் விருப்பம்” என்பார். ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் 2009இல் தன் பயனர்கள் யாருக்குப் பதில் போடுகிறார்கள் என்று தன் தரவுகளை எண்ணி வெளியிட்டது. கறுப்புப் பெண்கள் அனுப்பிய செய்திகளுக்குத்தான் ஆகக் குறைவான பதில்கள். ஆயிரக்கணக்கான பேரின் ‘தனிப்பட்ட’ விருப்பம் ஒரே திசையில் சாய்ந்தால், அதைத் தனிப்பட்டது என்று சொல்வது கஷ்டம்.

விருப்பத்துக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பார்க்க நம்ம ஊர்க் கடற்கரை நல்ல இடம். முத்துக்காக இங்கே வந்த வெளியூர்க்காரர்கள் நிறைய எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முத்தைப் பற்றி மட்டுமல்ல, முத்தெடுத்தவர்களின் தோலைப் பற்றியும்.

எள்ளெண்ணெயும் கறுத்த சாமிகளும்

முதலில் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தவர். அவர் ‘காயில்’ என்று எழுதிய துறைமுகம், தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருக்கும் இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். முத்துக்குளிப்பை விரிவாகச் சொல்லும் போலோ, மாபார் என்று அவர் அழைத்த தமிழகக் கரையைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறார். இங்கே எவ்வளவுக்கெவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கவ்வளவு மதிப்பாம். அதனால் பிறந்த குழந்தைக்கு வாராவாரம் நல்லெண்ணெய் தேய்த்து இன்னும் கறுப்பாக்குகிறார்களாம். சாமிகளைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் செய்கிறார்களாம்.

எண்ணெய்க் குளியலுக்குப் போலோ சொன்ன காரணம் அவருடைய ஊகமாக இருக்கலாம். பயணிகள் மிகைப்படுத்துவதும் புதுசில்லை. ஆனால் இரண்டரை நூற்றாண்டு கழித்து, போலோவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொருவர் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார். அவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை ஊர் ஊராக நடந்தவர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இந்த மக்கள் கறுப்பர்கள் என்பதால் தங்கள் நிறமே உயர்ந்தது என்று நினைக்கிறார்கள், கடவுளும் கறுப்பு என்று நம்புகிறார்கள், அதனால்தான் சிலைகளில் பெரும்பாலானவை கன்னங்கரேல் என்று இருக்கின்றன என்று எழுதுகிறார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. சிலைகளில் பூசிய எண்ணெயின் நாற்றத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டேதான் சொல்கிறார். அதனாலேயே இந்தச் சாட்சியத்துக்குக் கனம் கூடுகிறது. பிடிக்காத ஒருவர், தான் கண்டதைச் சலிப்போடு பதிவு செய்கிறார்.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாடல்கள். அங்கே தலைவியின் மேனி நிறத்துக்கு ‘மாமை’ என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். ‘மாயோள்’ என்றே தலைவியை அழைக்கும் இடங்களும் உண்டு. தலைவன் பிரிந்து போனால் அவளுக்கு வருவது பசலை. மேனி வெளிறி, பீர்க்கம்பூ மாதிரி மஞ்சள் பாய்ந்துவிடும். தோழி பதறுவாள், தாய்க்குச் சந்தேகம் வரும். அதாவது நிறம் வெளுப்பது அங்கே நோய், அழகின் இழப்பு. இன்றைக்கு டப்பாவில் அடைத்து விற்கும் விஷயத்தைத்தான் கொற்கை முத்துக் காலத்துத் தலைவி கண்ணீர் விட்டு வெறுத்தாள்!

இதை வைத்து ஒரு பொற்காலக் கதை கட்டிவிட வேண்டாம். வெயிலில் வேலை செய்கிறவர் கறுப்பதும் நிழலில் இருக்கிறவர் வெளுப்பாக இருப்பதும் எல்லாக் காலத்திலும் உண்டு. நிறத்தை வைத்து ஆளின் வேலையையும் சாதியையும் கணிக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கியதல்ல. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். கறுப்பை அசிங்கமாகப் பார்ப்பது இந்த மண்ணில் ‘என்றைக்கும் இருந்த இயல்பு’ என்று யாராவது சொன்னால், அதற்கு எதிரான சாட்சியங்கள் இதே கடற்கரையில் கிடக்கின்றன.

ஆளுநர் பார்த்த பெண்

இப்போது அந்தக் காலத்துப் பெரும்புள்ளி ஒருவரிடம் வருவோம். அஃபோன்சோ டி அல்புகெர்க், போர்ச்சுக்கீசிய இந்தியாவின் ஆளுநர். 1510இல் கோவாவைப் பிடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. போர்ச்சுகலிலிருந்து பெண்களைக் கப்பலேற்றுவது நடக்காத காரியம். சிப்பாய்கள் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடியமரட்டும், பிள்ளைகள் அரசருக்கு விசுவாசமாக இருப்பார்கள். கல்யாணம் செய்தவர்களுக்குப் பணம், வீடு, நிலம் எல்லாம் கொடுத்தார். இப்படிக் குடியமர்ந்தவர்களுக்குக் ‘கசாதோ’ என்று பெயர். அதாவது மணமானவர்.

யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை. தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கம் கொடுக்கிறார். நம் ஆட்கள் மலபார்ப் பெண்களைக் கட்டவேண்டும் என்பது என் எண்ணமாக இருந்ததே இல்லை, அவர்கள் கறுப்பு, வழக்கத்தாலேயே ஒழுக்கம் கெட்டவர்கள். கோவாவின் முஸ்லிம் பெண்களோ வெள்ளை, கற்புள்ளவர்கள், வீட்டோடு இருப்பவர்கள். இதுதான் அதன் சாரம்.

நிறமும் நடத்தையும் ஒரே மூச்சில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். கறுப்பு, அதனால் கட்டுப்பாடற்றவள். வெள்ளை, அதனால் அடக்கமானவள். ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சொல்ல அவருக்கு என்ன ஆதாரம்? அன்றைய மலபாரில் நாயர் குடும்பங்களில் தாய்வழி உரிமை. சொத்து பெண் வழியாக இறங்கும். பெண் தன் தறவாட்டிலேயே இருப்பாள், சம்பந்தக்காரன் வந்து போவான். உறவை முறித்துக்கொள்வதும் எளிது. கணவன் வீட்டில் அடைந்து கிடக்காத பெண்ணைப் பார்த்த ஐரோப்பியப் படைத்தலைவருக்கு அது ஒரு குடும்ப முறை என்று தோன்றவில்லை, குணக்கேடாகத் தெரிந்தது. பிறகு அந்தக் குணக்கேட்டை அவள் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

அமெரிக்க அடிமைப் பண்ணைகளில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அடிமைப் பெண்கள் மீது எசமானர்கள் செய்த வன்முறைக்குப் பழியை அந்தப் பெண்கள் மீதே போட, ‘கறுப்புப் பெண் இயல்பிலேயே காமம் மிக்கவள்’ என்ற கதை தேவைப்பட்டது. பைபிளில் வரும் கெட்ட ராணி யேசபேலின் பெயரையே அந்தக் கதைக்கு வைத்தார்கள். இடம் வேறு, காலம் வேறு, தையல் ஒன்றுதான். இன்றைய பேட்டிகளில் வரும் ‘அடங்க மாட்டார்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பழைய நூல் தொங்குகிறது.

அல்புகெர்க் பேசியது மலையாளக் கரைப் பெண்களைத்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். போர்ச்சுக்கீசியர் வாயில் ‘மலபார்’ என்ற சொல் சீக்கிரமே இந்தப் பக்கமும் வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் போர்ச்சுக்கீசியத் தலைப்பே அதன் மொழியை ‘மலபார்த் தமிழ்’ என்கிறது. அதை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் வாழ்ந்தவர். அச்சுச் செலவைக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவர்கள். அதே காலகட்டத்தில் இயேசு சபையின் மேற்பார்வையாளராக வந்த வலிஞ்ஞானோ, ஆசிய மக்களை நிறம் பிரித்து அடுக்கினார். ஜப்பானியரும் சீனரும் வெள்ளை, அறிவுள்ளவர்கள். இந்தியர் கறுப்பு, மந்த புத்திக்காரர்கள், சபையில் சேர்க்க லாயக்கில்லாதவர்கள். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்துக்குக் காசு கொடுத்த சமூகத்துக்கும் சேர்த்துத்தான் இந்தச் சான்றிதழ்.

ராணியின் செருப்புக் காசு

தூத்துக்குடியில் பெர்னாண்டோ, மச்சாடோ, கோமஸ், கர்வாலோ என்று பெயர்களைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள், “ஓ, போர்ச்சுக்கீசியக் கலப்பா?” என்று கேட்பதுண்டு. இல்லை. 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது வந்த பெயர்கள் அவை. கல்யாணத்தில் வந்தவை அல்ல. போர்ச்சுக்கீசியர் தங்கள் பெயர்களைத் தாராளமாகக் கொடுத்தார்கள். முத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள்.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் மாத வாக்கில், கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் பருவம். பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். குளியாள் கல்லைக் காலில் பிடித்துக்கொண்டு இறங்குவார், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு மூச்சில் எத்தனை சிப்பி அள்ள முடியுமோ அத்தனை. சுறா கடிக்காமல் மந்திரம் சொல்லக் ‘கடல்கட்டி’ ஒருவர் உண்டு. அள்ளிவந்த சிப்பியை வெயிலில் அழுக விட்டு, அந்த நாற்றத்துக்குள் கையை விட்டுத்தான் முத்தைத் தேட வேண்டும். உப்பும் வெயிலும் சேர்ந்து கருக்கிய உடம்புகள் எடுத்துக் கொடுத்த அந்த வெள்ளை மணி, லிஸ்பனில் வெள்ளைக் கழுத்துகளுக்குப் போனது.

இதில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. இந்தக் கரையின் வரியில் ஆண்டுக்கு 4,000 பணம், போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் பெயரே ‘ராணியின் செருப்புக் காசு’. சவேரியார் அதைக் கேட்டு வாங்கி, ஊர்தோறும் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு கிடைக்காது என்று ராணிக்கு எழுதியதாகச் சொல்வார்கள். மனசு நெகிழும் கதைதான். ஆனாலும் எனக்கு அந்தக் கணக்கு வரிதான் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. அரசியின் காலுக்கு இந்தக் கடற்கரையின் உழைப்பு ஆகும். ஆளுநரின் சிப்பாய்க்கு ‘மலபார்’ப் பெண் மனைவியாக ஆகமாட்டாள்.

ஒரு பகோடா

விருப்பம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்குச் சென்னைப்பட்டினம் ஒரு உதாரணம். 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதுகிறார்கள். நம் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா கொடுக்கலாம். (தின்கிற பக்கோடா இல்லை, வராகன் காசு.) கோட்டைக்கு ஆள் தேவைப்பட்டது. அப்போது கறுப்பு ஒரு குறையாகத் தெரியவில்லை.

நூறு வருஷம் கழித்து நிலைமை மாறியது. கம்பெனி இப்போது வியாபாரி மட்டுமல்ல, ராஜா. 1791இல், இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் முக்கிய உத்தியோகங்களில் இடமில்லை என்று தடை வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இங்கிலாந்துப் பெண்கள் வருவதும் எளிதாயிற்று. உள்ளூர்ப் பெண்ணோடு குடும்பம் நடத்துவது கௌரவக் குறைச்சல் ஆனது. இந்த இடைவெளியில் ஆங்கிலேய ஆண்களின் கண் மாறிவிட்டதா? கண் அதே கண்தான். உத்தியோக விதி மாறியது. பின்னாலேயே விருப்பமும் மாறியது.

அங்கவை, சங்கவை

இருபதாம் நூற்றாண்டில் ஆளுநரின் இடத்தை நடிகர் பிடித்துக்கொண்டார். யாரை விரும்பலாம் என்பதை ஊருக்கே சொல்லிக்கொடுப்பது திரைதான். தமிழ்ப்படத்தின் முதல் ‘கனவுக்கன்னி’ என்று பேரெடுத்த டி. ஆர். ராஜகுமாரி வெள்ளைத் தோல்காரர் அல்ல, மாநிறம். 1941இல் கே. சுப்பிரமணியத்தின் ‘கச்ச தேவயானி’யில் நாயகியானார். 1944இன் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் பாதி ஒப்பனைக்காரர் கையில் இருந்தது என்பதும் உண்மை. வண்ணப்படம் வந்தபின் அந்தச் சலுகை போயிற்று.

அதற்கப்புறம் சரிதா. கே. பாலசந்தர் கொண்டுவந்த கறுத்த நாயகி. கோவில்பட்டி வட்டாரத்துத் தண்ணியில்லாக் காட்டின் கதையான ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) படத்தை அவரை விட்டுவிட்டு யோசிக்க முடியாது. அப்பேர்ப்பட்ட நடிகை பிறகு என்ன செய்தார்? வடக்கிலிருந்து வந்த சிவந்த நாயகிகள் பலருக்குக் குரல் கொடுத்தார். கறுத்த பெண்ணின் குரல் வேண்டும், மொழி வேண்டும், உணர்ச்சி வேண்டும், தோல் மட்டும் வேண்டாம். தமிழ் சினிமா இதை ஒரு ஏற்பாடாகவே நடத்தியது.

இதே காலத்தில் கறுத்த ஆண்கள் திரையில் கொடி கட்டிப் பறந்தார்கள். ரஜினிகாந்த், விஜயகாந்த் இருவரின் கறுப்பும் ‘நம்ம ஆளு’ என்பதற்கு அடையாளம். ஆணுக்குக் கறுப்பு மண்ணின் நிறம், வீரத்தின் நிறம். பெண்ணுக்கு மட்டும் அது ‘லும்’ போட்டுச் சொல்லவேண்டிய குறை.

இதன் உச்சம் 2007இல் வந்த ‘சிவாஜி’. பழகிப் பார்த்துப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் நாயகனுக்கு, பக்கத்து வீட்டுத் தகப்பன் தன் இரண்டு மகள்களைக் காட்டுகிறார். கரி பூசிய மாதிரி ஒப்பனை செய்த இரண்டு பெண்கள். பார்த்ததும் நாயகனும் நண்பனும் மிரள்கிறார்கள், தியேட்டர் சிரிக்கிறது. அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பறம்பு மலையின் பாரிவள்ளலுடைய மகள்களாக மரபு சொல்லும் பெயர்கள். புறநானூற்றில் தகப்பனை இழந்த நிலாநாளைப் பாடிய பாரி மகளிர்! தகப்பன் செத்தபின் கபிலர் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சிற்றரசர்களிடம் போனார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் கட்டிக்கொள்ள மறுத்தார்கள். மூவேந்தரின் பகை அப்படி. அன்றைக்கு மறுத்தவர்கள் அரசியலுக்குப் பயந்து மறுத்தார்கள். 2007இல் நிறத்தைப் பார்த்து மறுத்தார்கள், அதுவும் நகைச்சுவையாக.

அதே படத்தில் நாயகனும் வெளுக்கப் படாதபாடு படுகிறார். ‘ஒரு கூடை சன்லைட்’ பாட்டுக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினியில் எடுத்து, காட்சி காட்சியாக ரஜினி மேல் ஏற்றினார்கள். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் ஷ்ரேயா நடிக்க, குரல் கொடுத்தவர் மதுரைக்காரரான கனிகா. ஒரே படத்தில் அந்த ஏற்பாடு முழுசும் இருக்கிறது.

2020 ஜூன்

ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. முகம் வெளுத்தால் மாப்பிள்ளை கிடைக்கும், வேலை கிடைக்கும் என்பதே பல வருஷம் அதன் விளம்பரக் கதை. 2009இல் சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் கிளம்பியது. நந்திதா தாஸ் அதன் முகமானார். ஆனாலும் அந்தப் பெயர் அசைந்தது 2020 ஜூனில்தான். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆனபோது, ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறோம் என்று யூனிலீவர் அறிவித்தது. ஷாதி டாட் காம் தன் தேடலிலிருந்து நிற வடிகட்டியை நீக்கியதும் அப்போதுதான்.

அதே வாரத்தில்தான் நம்ம மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். நாடே அவர்களை ஜார்ஜ் ஃபிளாய்டோடு ஒப்பிட்டுப் பேசியது. அதிகாரத்தின் வன்முறை என்று வரும்போது நம்மைக் கறுப்பு அமெரிக்காவோடு சேர்த்துப் பார்ப்பது நமக்குச் சுலபமாக இருந்தது. கல்யாணச் சந்தையில், கேலியில், ‘அது என் இஷ்டம்’ என்ற பேச்சில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்ப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே பல சமயம் அல்புகெர்க் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

யாரையும் இன்னாரைத்தான் காதலிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. ஆனால் ஒருவர் “எனக்குக் கறுப்புப் பிடிக்காது” என்று சொல்லும்போது, அது அவர் தனியாக யோசித்துக் கண்டுபிடித்த ரசனை என்று நம்பவேண்டிய அவசியமும் இல்லை. அதில் ஆளுநர் கடிதம் ஒன்று இருக்கிறது, கம்பெனி உத்தரவு ஒன்று இருக்கிறது, தியேட்டர் சிரிப்பு ஒன்று இருக்கிறது. போலோவும் சவேரியாரும் பார்த்த ஊரில் இதற்கு நேர்மாறான ரசனையும் இருந்திருக்கிறது. மாறியது மறுபடியும் மாறலாம்.

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இப்போது கடலோரத்தில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை என்றால் உப்புதான். அந்த உப்பளங்களில் விடியற்காலையிலிருந்து பாத்தியில் நின்று வாருகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். வெயிலும் உப்பும் அவர்களைக் கறுக்க வைக்கும். வீட்டில் வரன் பார்க்கும் பேச்சு எழும்போது, அந்தக் கறுப்புக்காக அவர்களே விளக்கம் சொல்லவேண்டி வரும். உழைப்பின் அடையாளத்துக்கு ஒருத்தி ஏன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேச வேண்டும்? அந்த ‘லும்’மை முதலில் நம் வாயிலிருந்து எடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பகோடாகூட இல்லை.